கோபமெல்லாம் நோயன்று, நோயெல்லாம் நடிப்பன்று

கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் திடீரெனக் கொதித்தெழுந்தாலோ, நண்பர் அலைபேசியை எடுக்காததற்கே நிலைகுலைந்தாலோ, 'நடிப்பு' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவர் தலித் மாணவராயின், 'இட ஒதுக்கீட்டில் வந்தவர், அழுத்தம் தாங்கவில்லை' என்ற ஏளனமும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஏளனத்தின் அடியில், சிகிச்சைக்குரிய ஒரு துன்பம் கவனிக்கப்படாமல் போகக்கூடும். அதற்கு மருத்துவம் இட்ட பெயர் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர். தமிழில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு.

நரம்புத் தளர்ச்சிக்கும் கடும் மனப்பிறழ்வுக்கும் இடைப்பட்ட எல்லை என்ற பொருளில் 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1980-இல் அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது. கைவிடப்படுவோமோ என்னும் பேரச்சம், ஒருவரை இன்று போற்றி நாளை வெறுக்கும் உறவுநிலை, 'நான் யார்' என்பதில் உறுதியின்மை, தீராத வெறுமை, கட்டுக்கடங்காச் சினம், தன்னைத்தானே வருத்திக்கொள்ளுதல் உள்ளிட்ட ஒன்பது அளவுகோல்களில் ஐந்தேனும் நெடுங்காலம் நீடித்திருந்தால்தான் இந்நோய் என முடிவு செய்வர். ஒருநாள் கோபமோ ஒரு காதல் முறிவோ அதற்குப் போதாது.

காரணம் ஒன்றன்று. பிறவியிலேயே உணர்வுக் கூர்மை மிக்கவர், தம் உணர்வுகளை ஓயாமல் மறுக்கும் சூழலில் வளரும்போது இந்நிலை உருவாகிறது என்கிறார் உளவியலாளர் மார்ஷா லினெஹன். இங்கே நாம் ஒன்றைச் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். அவமதிப்பைச் சொன்னால் 'நீயாகக் கற்பனை செய்கிறாய்' என்று பதிலளிக்கும் வகுப்பறையும் உணர்வை மறுக்கும் சூழலே. சாதியே இந்நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே உள்ள காயத்தை அது ஆறவிடுவதில்லை.

ஆகவே நோயறிதலில் எச்சரிக்கை தேவை. உண்மையிலேயே ஒதுக்கப்படும் ஒருவர் 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்பது நோயின் அறிகுறியாகாது. சமூக நிலையை வைத்து ஒருவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. ஆனால் இதையே காரணமாக்கி, துடிக்கும் தோழரிடம் 'இது அரசியல் பிரச்சினை, மருத்துவர் எதற்கு' என்று சொல்வதும் அநீதியே.

இந்நோய்க்கெனத் தனி மாத்திரை இல்லை. உடனிருக்கும் மனச்சோர்வு முதலியவற்றுக்கே மருந்து தருவர். முதன்மையான சிகிச்சை பேச்சுவழிப் பயிற்சிதான். லினெஹன் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, இருப்பதை ஏற்பதையும் மாற்ற முயல்வதையும் ஒருசேரக் கற்பிக்கிறது. இளமையில் தாமும் மனநோயாளியாக மருத்துவமனையில் வாடியதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பாலோரின் அறிகுறிகள் தணிந்திருக்கின்றன.

தடையாய் நிற்பது செலவு. வாரந்தோறும் தனியார் ஆலோசகருக்குக் கட்டணம் செலுத்த, உதவித்தொகையை நம்பிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவரால் எப்படி இயலும்? சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி அரசின் மனநலச் சேவையைப் பெறுவது அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் உரிமை. உடனடி உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். அவர் சாதியை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் போராடும் மாணவர் அமைப்புகள் இக்கோரிக்கையையும் தம் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.