கேழ்வரகு கேக்கில் சோப்புச் சுவை வந்தது எப்படி?

நமது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நிகழ்ந்த செய்தி ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அது ஒரு பலகாரத்தைப் பற்றிய சிறு செய்தியே. ஆயினும், ஒரு பெண்ணின் பிழைப்பும் நற்பெயரும் அதனால் ஊசலாடின என்பதால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அனைவரும் அறியத்தக்கது.

ஐக்கிய நாடுகள் சபை 2023 ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றால் செய்த தின்பண்டங்களை மக்கள் விரும்பி வாங்குவதைக் கண்ட மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று, வங்கிக் கடன் பெற்று ஓர் ஓவன் வாங்கியது. குழுவினர் பன்னிருவர். ஊராட்சிக் கட்டடத்தின் பின்புற அறை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பயிற்சி பெற்றுக் கேழ்வரகு கேக் செய்யத் தொடங்கினர். இரண்டு மாதங்கள் வியாபாரம் செம்மையாக நடந்தது. தேநீர்க் கடைகளிலிருந்து ஆட்கள் தேடி வந்து வாங்கிச் சென்றனர்.

மூன்றாம் மாதத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்காக இருநூறு துண்டுகள் கேட்கப்பட்டன. கொடுத்தனுப்பிய கேக்கைக் கடித்த பிள்ளைகள் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டனர். “சோப்பு மாதிரி இருக்கிறது” என்பதே எல்லாருடைய புகாரும். பண்டம் திரும்பி வந்தது. பணமும் வரவில்லை. கடன் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நின்றது.

பழி யார்மீது விழுந்தது?

தட்டுகளையும் தகர அச்சுகளையும் கழுவும் பொறுப்பு, குழுவிலேயே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவருடையது. அவர் சோப்பைச் சரியாக அலசவில்லை என்று குழுவினர் முடிவு கட்டினர். ஊராட்சி மன்ற உறுப்பினர் ஒருவர் அதற்குச் சான்றும் காட்டினார். கேக்கைத் தண்ணீரில் உதிர்த்து ஊற வைத்து, தெளிந்த நீரை மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியில் விட்டார். துணி சிவந்தது. மஞ்சட்கறை பட்ட வேட்டியில் சோப்புப் பட்டவுடன் சிவப்பதை யார்தான் அறியார்? குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று எல்லாரும் நம்பினர். அம்மையாரைக் குழுவிலிருந்து நீக்கும் தீர்மானமும் எழுதப்பட்டுவிட்டது.

நாம் அங்குச் சென்றபோது அவர் கேட்டது ஒன்றுதான். “ஐயா, நான் கழுவின பாத்திரத்தில்தான் என் பேரப்பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சோப்பு ஊட்டுவேனா?”

இக்கேள்வி நம்மைச் சிந்திக்கச் செய்தது. துணி சிவந்தது உண்மை. ஆனால் மஞ்சளைச் சிவக்கச் செய்வது சோப்பு ஒன்றுதானா? ஆரத்தி நீர் சிவப்பது மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால் அன்றோ? சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல் நீர், சலவைச் சோடா ஆகிய அனைத்திலும் காரத்தன்மை உண்டு. இது மிளகாயின் காரமன்று. அமிலத்துக்கு எதிரான குணம் உடைய பொருள்களை ரசாயன நூலார் காரம் என்பர். மஞ்சளின் நிறப்பொருள் எந்தக் காரத்தைச் சந்தித்தாலும் சிவக்கும். எனவே, கேக்கில் காரம் மிகுந்திருக்கிறது என்பதையே அச்சோதனை காட்டியது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டவில்லை.

இரண்டு தகரங்களில் ஒரு சோதனை

குழுவினரிடம் செய்முறையை முதலிலிருந்து சொல்லக் கேட்டோம். பயிற்சிக் குறிப்பில், 250 கிராம் மாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று எழுதப்பட்டிருந்தது. பயிற்சியின்போது கொடுத்த டப்பாக்கள் இரண்டு மாதங்களில் தீர்ந்துவிட்டன. ஊர்க் கடையில் பேக்கிங் பவுடர் இல்லை. ஆப்பச் சோடா இருந்தது. இரண்டும் மாவைப் பொங்கச் செய்வனவே என்று கருதி, அதே 2 தேக்கரண்டி அளவு ஆப்பச் சோடாவைச் சேர்த்திருக்கின்றனர். காரணம் இங்கேதான் இருக்கவேண்டும் என்று தோன்றிற்று. எனினும் தோன்றியதை நம்பிப் பழியை இடம் மாற்றுவதும் முறையன்று. ஆகவே எல்லார் முன்னிலையிலும் இரண்டு கேக்குகள் சுடச் செய்தோம்.

முதல் கேக்குக்கு, சோப்பே படாத புதுத் தகரம் ஒன்றைக் கொதிநீரில் அலசி எடுத்துக்கொண்டோம். மாவில் முன்போலவே 2 தேக்கரண்டி சோடா. இரண்டாவது கேக்குக்கு அந்த அம்மையார் வழக்கம்போல் சோப்பிட்டுக் கழுவிய பழைய தகரம். மாவில் அரைத் தேக்கரண்டி சோடாவும் ஒரு கோப்பை புளித்த மோரும். சுட்டு ஆறிய பின் மஞ்சள் துணிச் சோதனை நடந்தது. புதுத் தகரத்துக் கேக்கின் நீர் பட்ட இடம் சிவந்தது. அம்மையார் கழுவிய தகரத்துக் கேக்கின் நீர் பட்ட இடம் மஞ்சளாகவே நின்றது. சுவைத்துப் பார்த்தவர்கள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நீக்கல் தீர்மானம் அன்றே கிழிக்கப்பட்டது.

சோடா சலவைச் சோடாவாகும் விதம்

ஆப்பச் சோடாவின் ரசாயனப் பெயர் சோடியம் பைகார்பனேட். அது மோர், தயிர், எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருளோடு சேர்ந்தால், அதிலுள்ள கரியமில வாயு குமிழியாக வெளிப்படும். அக்குமிழிகளே மாவை உப்பச் செய்கின்றன. வாயு போன பின் எஞ்சுவது சுவையைக் கெடுக்காத சிறிதளவு உப்புப் பொருள்தான்.

புளிப்பு இல்லாவிட்டாலும் அடுப்பின் சூட்டினால் சோடாவிலிருந்து வாயு பிரியும். ஆனால் அப்போது அதிலுள்ள வாயுவில் பாதியே வெளியேறும். மீதி சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக, மாவிலேயே தங்கிவிடும். 100 கிராம் ஆப்பச் சோடா முழுதும் இவ்வாறு மாறினால் சுமார் 63 கிராம் சலவைச் சோடா கிடைக்கும். துணி வெளுக்கும் பொருள் வாயில் பட்டால் சோப்பு நினைவு வருவதில் வியப்பென்ன? அன்றியும், இக்காரம் எண்ணெயிலும் வெண்ணெயிலும் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலங்களோடு கூடி மெய்யாகவே சிறிதளவு சோப்பை உண்டாக்கும். பிள்ளைகள் சொன்னது பொய்யன்று!

பேக்கிங் பவுடர் அப்படிப்பட்டதன்று. அதில் சோடாவுடன், அதைச் சமன் செய்வதற்கு வேண்டிய உலர்ந்த அமிலப் பொருளும் மாவுப்பொருளும் முன்பே கலந்துள்ளன. சோடாவின் பங்கு அதில் ஏறத்தாழ நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையே. ஆகவே 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு ஈடு அரைத் தேக்கரண்டி சோடாதான். அதனோடு ஒரு கோப்பை, அதாவது சுமார் 240 மில்லி லிட்டர், நன்கு புளித்த மோரும் சேரவேண்டும். மோர் சேர்க்கும் அளவுக்குப் பாலையோ நீரையோ குறைத்துக்கொள்க.

காரம் மிகுவதால் வேறு தீமைகளும் உண்டு. கேக் உரிய காலத்துக்கு முன்பே கறுத்துவிடும். தானியத்திலுள்ள பி1 வைட்டமின் அழியும். சத்துக்காகக் கேழ்வரகைத் தேடி வாங்குகிறவருக்குச் சத்தைக் கெடுத்துக் கொடுப்பது நேர்மையாகாது.

எதிர்பாராத பிற சுவைகள்

சோடா சரியாக இருந்தும் சோப்புச் சுவை வருவதுண்டு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். ஈரம் உலராத கொப்பரையிலும் பூஞ்சணம் பிடித்த தேங்காய்த் துருவலிலும் நொதிகள் கொழுப்பைப் பிளந்து இவ்வமிலத்தை வெளியேற்றும். அதன் சுவையே சோப்பை ஒத்தது. விலை மலிவு என்று ஈரக் கொப்பரை வாங்குவோர் இதை நினைவிற் கொள்க.

கம்பு மாவில் செய்த பண்டம் கசப்பதற்கும் காரணம் இதுவே. கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம். தானியம் முழுதாக இருக்கும்வரை கொழுப்பும் அதைப் பிளக்கும் நொதியும் தனித்தனியே இருக்கும். அரைத்தவுடன் ஒன்றையொன்று சந்திக்கும். ஆதலின் கம்பு மாவு விரைவில் சிக்கு நாற்றமடையும். நம் பாட்டிமார் கம்பை அன்றன்று இடித்துக்கொண்டது வீண் உழைப்பன்று. தானியத்தை அரைக்குமுன் வறுத்தாலும், கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து நன்கு உலர்த்தினாலும், நொதி செயலிழந்து மாவு கூடுதல் நாள் தாங்கும்.

எதிர்பாராத சுவை எல்லாம் தீயதன்று. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி வறுத்து அரைத்த மாவில் சர்க்கரையைக் குறைத்தாலும் இனிப்பு நிற்கும். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிவிடுவதே காரணம். அச்சர்க்கரையும் தானியத்தின் புரதப் பொருள்களும் சூட்டில் கூடுவதால் பழுப்பு நிறமும் நறுமணமும் பிறக்கின்றன. இம்மாற்றத்தை 1912 இல் விளக்கியவர் லூயி காமீல் மையார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. ஆனால் பழுப்பு கறுப்பாகும்வரை விடலாகாது. மாவுப் பண்டங்கள் 120 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சுடப்படும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் தோன்றுவதை 2002 இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கறுகக் கறுக அது மிகும். பொன்னிறம் வந்தவுடன் எடுத்துவிடுதல் சுவைக்கும் நலம், உடலுக்கும் நலம்.

செய்யத்தக்கவை

குழுவினர் ஒவ்வொரு நாளும் சேர்த்த பொருள், அளவு, வாங்கிய கடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருவார்களாக. ஒரு பொருள் கிடைக்காமல் வேறொன்றைச் சேர்க்க நேர்ந்தால், முதலில் ஒரே ஒரு கேக் சுட்டுச் சுவைத்த பின்னரே விற்பனைக்குச் செய்க. மஞ்சள் தடவிய துணித் துண்டுகள் சில அறையில் இருக்கட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஐயங்கள் எழுந்தால், 1967 இல் திருவாரூரில் நெல் ஆராய்ச்சி மையமாகத் தோன்றி, இன்று தஞ்சாவூரில் இயங்கிவரும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம்.

இறுதியாக ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். அப்பயிற்சிக் குறிப்பு நமது அலுவலகம் அச்சிட்டு வழங்கியதே. பேக்கிங் பவுடர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற ஒரு வரி அதில் இல்லை. அந்த ஒரு வரி இல்லாமையால் குழுவுக்கு நட்டம் வந்தது. குற்றமற்ற ஒருவர் தலைகுனிந்து நின்றார். அவ்வரியை இப்போது சேர்த்திருக்கிறோம். அம்மையாரிடம் நமது வருத்தத்தையும் தெரிவித்துக்கொண்டோம். அவர் இன்றும் அதே தட்டுகளைக் கழுவுகிறார். அத்துடன், மாவில் சேரும் சோடாவை அளந்து போடும் பொறுப்பையும் குழுவினர் அவரிடமே ஒப்படைத்திருக்கின்றனர்.

கிராமத்தில் ஒரு காரியம் கெட்டுப்போனால் யார் கெடுத்தார் என்று கேட்பது எளிது. எதனால் கெட்டது என்று முதலில் கேட்போமாக. அக்கேள்விக்கு விடை காண, பல வேளைகளில், இரண்டு தகரங்களும் ஒரு சிட்டிகை மஞ்சளுமே போதும்.