பெட்டிக்குள் தங்கும் பெயர்கள்

வெள்ளகோவிலில் விசைத்தறி ஓட்டும் எங்கள் மாமாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. செக்கப் என்றால் காங்கேயம், பல்லடம் வழியாகக் கோவைக்கு பஸ். அங்கே டாக்டரோடு, பேஸ்மேக்கர் கம்பெனியின் ஆளும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதன் பெயர் புரோகிராமர். அதிலிருந்து நீளும் கைப்பிடியை நெஞ்சின் மேல் வைத்தால், உள்ளே இருக்கும் கருவி கணக்கு ஒப்பிக்கும்: பேட்டரி எவ்வளவு மிச்சம், துடிப்பு எங்கே தவறியது, இதயத்துக்குப் போகும் கம்பி சரியாக இருக்கிறதா என்று.

போன முறை அந்தப் பேச்சு இரண்டு தடவை பாதியில் அறுந்தது. பக்கத்தில் இருந்த செல்போன் சார்ஜரைப் பிடுங்கியதும் சரியானது. மாமா பயந்துவிட்டார். "ஏனுங் தம்பி, இப்படி அறுந்தா உள்ள வெச்சதெல்லாம் மாறிப்போயிருங்களா?"

நியாயமான கேள்வி. பழைய வகைக் கைப்பிடிகள் சில 175 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் பேசுகின்றன. சார்ஜர், யு.பி.எஸ்., எல்.இ.டி. விளக்கு எல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம், லட்சம் தடவை வெட்டி வெட்டித் தருபவை. அந்த வெட்டின் இரைச்சல் இதே அலைவரிசைப் பக்கம் வந்து விழும். புதிய கருவிகள் பல, உடலுக்குள் வைக்கும் சாதனங்களுக்கென்று ஒதுக்கிய 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டன. அங்கே அனுமதி 25 மைக்ரோவாட் மட்டும். பழைய ஜி.எஸ்.எம். செல்போன் உச்சத்தில் 2 வாட் வீசும். அதாவது 80,000 மடங்கு. தறி ஓடும்போது காதோரம் ரகசியம் சொல்வது போலத்தான் இந்தப் பேச்சு.

ஆனால் இரைச்சல் பேச்சை அறுக்குமே தவிர, கட்டளையைத் திரித்துவிடுவது மிகக் கடினம். நூல் மூட்டையோடு எடைச் சீட்டு வருவது போல ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண் வருகிறது. எடை ஒத்துப்போகாவிட்டால் கருவி மூட்டையைத் திருப்பிவிடும். மாமாவுக்கு இதைச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. போனைச் சட்டைப்பையில் வைக்காமல் 15 செ.மீ. தள்ளி வைப்பதும், வெல்டிங் நடக்கும் இடத்தை விட்டு விலகி நிற்பதும் வேறு காரணத்துக்கு. அங்கே குழம்புவது கருவியின் துடிப்பறியும் காது.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அன்று புரோகிராமரின் திரையில் முன்பு சேமித்த கோப்புகளின் பட்டியல் ஒரு கணம் தெரிந்தது. அதில் ஒரு பெயர் எனக்குத் தெரிந்த பெயர். அவர் வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பனுக்கு இதயக் கோளாறு என்பது பரம்பரை வியாதிப் பேச்சாக மாறினால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று பார்த்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்திருக்கவே கூடாது.

2008-ல் கெவின் ஃபூ உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி ஒன்றின் ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். நோயாளியின் பெயரும் நோய் விவரமும் பூட்டில்லாமல் காற்றில் போயின. பூட்டு போடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாமா கரூர் ரோட்டில் மயங்கி விழுந்தால், முன்பின் பார்த்திராத ஆஸ்பத்திரியின் புரோகிராமரும் அவர் கருவியைத் திறந்தாக வேண்டும். சாவியைத் தேடிக்கொண்டிருந்தால் உயிர் காத்திருக்காது. அதனால்தான் பல காலம் அருகில் இருப்பதையே சாவியாக வைத்திருந்தார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பெட்டிக்குள் பெயர்கள் பூட்டில்லாமல் கிடப்பதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. 2017-ல் பில்லி ரியோஸ், ஜொனாதன் பட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் ஏலத் தளங்களில் பழைய புரோகிராமர்களை வாங்கித் திறந்து பார்த்தார்கள். சிலவற்றில் நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், நோய் விவரம் அப்படியே இருந்தன. ரேடியோ அலையைப் பிடிக்கும் வித்தை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இதெல்லாம் அமெரிக்கச் சங்கதி என்று தள்ளவும் முடியாது. 2022 டிசம்பரில், திருப்பூர் ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் நோயாளிகளுடையது என்று சொல்லி ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரின் பதிவுகள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்ததாக கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ஒரு பிரதி 100 டாலர். மாதிரிக்குக் காட்டியவை 2007 முதல் 2011 வரையான பதிவுகள். பெயர், பிறந்த தேதி, முகவரி, பார்த்த டாக்டர் என எல்லாம் இருந்தன. பத்து வருஷத்துக்கு முன் காய்ச்சலுக்குப் போனவர்கூட அதில் இருந்திருக்கலாம். நம் மாவட்டத்துப் பெயர்கள் அவை.

இப்படிப்பட்ட விவரங்களைக் காக்க டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்காமல், அடுத்த செக்கப்பில் மாமாவே கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்த பிறகு, "தம்பி, உங்க பொட்டியில எம் பேரை அழிச்சுட்டீங்களா, காட்டுங்" என்று.