பஞ்சு குடோனில் அடுப்பு வைக்கலாமா? மைன்கிராப்ட் விளையாட்டில் வீடு கட்டும் வழிகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், குழந்தைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் மைன்கிராப்ட் விளையாட்டாகத்தான் இருக்கும். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் உருவாக்கிய இந்த விளையாட்டின் முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வெளியானது. 2014ல் இதன் நிறுவனமான மொஜாங்கை மைக்ரோசாப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

இதில் சர்வைவல் என்று ஒரு பிரிவு உள்ளது. ஒரு வெட்டவெளியில், கையில் எதுவும் இல்லாமல் உங்களை இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, இரவு வருவதற்குள் தங்க இடம் அமைத்துக்கொண்டு உயிர் பிழைக்க வேண்டும். எல்லாமே சதுரக் கட்டிகளால், அதாவது பிளாக்குகளால் ஆனவை. அந்தத் தங்குமிடத்தை பேஸ் என்று அழைக்கிறார்கள். அதை எப்படித் திட்டமிட்டுக் கட்டுவது என்பதை இங்கு காணலாம். கீழே தரப்பட்டுள்ளவை கம்ப்யூட்டருக்கான ஜாவா எடிஷனுக்கு உரியவை.

எரிந்து போன வீடு

திருப்பூரில் உள்ள என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மூன்று மாதமாக விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒரு வீடு கட்டினான். பலகைச் சுவர், பலகைக் கூரை, தரை முழுவதும் கம்பளி விரிப்பு. கடைசியாக அழகுக்கு என்று சுவர் ஓரம் லாவாவை ஊற்றி ஒரு கணப்பு அடுப்பு அமைத்தான். பிறகு வீட்டுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் இரும்பு வெட்டப் போய்விட்டான். ஏறி வந்து பார்த்தபோது கூரை இல்லை. மூன்று பக்கச் சுவர் இல்லை. மீதியும் எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவு எனக்குப் போன் வந்தது. "மாமா, வேர்டுல இருக்கற மாதிரி இதுல அன்டூ இருக்குதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பேக்அப் எடுத்து வச்சிருக்கியா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு அழும் சத்தம்தான் கேட்டது.

அவன் அப்பா சிறிய தையல் யூனிட் ஒன்று வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் விளையாட்டு எதுவும் அவருக்குத் தெரியாது. திரையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: "ஏன் கண்ணு, பஞ்சு குடோனுக்குள்ள யாராச்சும் அடுப்பு பத்த வெப்பாங்களா?"

பேஸ் கட்டுவதன் அடிப்படையே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது எனலாம். சுவர் எவ்வளவு அழகு என்பதைவிட, எதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதே முக்கியம்.

முதல் இரவு

விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். இதில் நல்ல பகல் வெளிச்சம் சுமார் 10 நிமிடம்தான். எனவே முதல் நாளில் அரண்மனை கட்ட நினைக்காதீர்கள். கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுங்கள்.

1. மரத்தை வெட்டிப் பலகை ஆக்குங்கள். 4 பலகையில் கிராப்டிங் டேபிள் தயாராகும். மற்ற பொருட்களைச் செய்ய இந்த மேசை தேவை.

2. மரக் குந்தாலி செய்து கல் வெட்டுங்கள். 8 கல்லில் ஒரு பர்னஸ், அதாவது உலை கிடைக்கும்.

3. ஒரு நிலக்கரி, ஒரு குச்சி சேர்த்தால் 4 டார்ச் கிடைக்கும். நிலக்கரி கிடைக்கவில்லையா? மரக்கட்டையை உலையில் இட்டால் அடுப்புக்கரி கிடைக்கும். அதுவும் போதும்.

4. ஒரே நிறத்தில் 3 கம்பளி, 3 பலகை சேர்த்தால் படுக்கை கிடைக்கும். அதில் தூங்கினால் இரவு கடந்துவிடும். அதோடு, நீங்கள் விளையாட்டில் இறந்தால் அந்தப் படுக்கைக்கு அருகிலேயே மீண்டும் உயிர் பெறுவீர்கள். படுக்கை உடைந்து போயிருந்தால் ஆட்டம் தொடங்கிய இடத்துக்கே போய்விடுவீர்கள்.

கம்பளி கிடைக்காவிட்டால் மலைச்சரிவைக் குடைந்து உள்ளே போய், வாசலைக் கல் வைத்து அடைத்து, ஒரு டார்ச் வைத்துவிட்டு விடியும் வரை கல் வெட்டிக்கொண்டிருங்கள்.

இடம் பார்த்தல்

நிலையான வீட்டுக்கு நீர், மரம், சுரங்கம் மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். இடம் முடிவானதும் எப்3 கீயை அழுத்துங்கள். (சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) திரையில் எக்ஸ், ஒய், இசட் என மூன்று எண்கள் தெரியும். இதுதான் உங்கள் வீட்டு முகவரி. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெகுதூரம் போய் வழி தவறினால் இந்த எண்களை வைத்தே திரும்பலாம்.

நெருப்பும் கட்டுமானப் பொருளும்

பலகை, மரக்கட்டை, இலை, கம்பளி, புத்தக அலமாரி ஆகியவை தீப்பிடிக்கும். கல், செங்கல், கண்ணாடி ஆகியவை பிடிக்காது. லாவாவை மரத்தின் அருகில் வைத்தால், அதைத் தொடாவிட்டாலும் தீ பற்றும். எனவே கணப்பு அடுப்பு வேண்டும் என்றால் அந்த அறையின் சுவர், தரை, கூரை மூன்றையும் கல்லில் கட்டுங்கள்.

இடி மின்னலாலும் தீப்பிடிக்கலாம். 2021ல் வெளியான 1.17 பதிப்பு முதல் இடிதாங்கி கிடைக்கிறது. 3 செம்புக் கட்டிகளில் ஒன்று செய்யலாம். மர வீடு கட்டுபவர்கள் இதைக் கூரையில் அல்லாமல், சற்றுத் தள்ளி ஒரு கல் தூணின் மேல் வைப்பது நல்லது.

வெளிச்சமே முதல் காவல்

ஜாம்பி, எலும்புக்கூடு, கிரீப்பர் போன்றவை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இருட்டான இடம் இருந்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே தோன்றும். 2021ல் வந்த 1.18 பதிப்பு முதல், டார்ச் போன்றவற்றின் வெளிச்சம் சுத்தமாக இல்லாத இடத்தில்தான் இவை தோன்றுகின்றன. டார்ச்சின் வெளிச்சம் 14. ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகும்போதும் ஒன்று குறையும். எனவே சமதளத்தில் 10 பிளாக்குக்கு ஒன்று எனக் கட்டம் கட்டமாக டார்ச் வைத்தால் போதும். பழைய வழிகாட்டிகளில் இன்னும் நெருக்கமாக வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது முந்தைய விதி.

வீட்டுக்குள் மட்டும் வைத்தால் போதாது. சுற்றுப்புறத்திலும் கூரை மேலும் வையுங்கள்.

சுவரும் கதவும்

இரண்டு பிளாக் உயரச் சுவரை ஜாம்பியால் தாண்ட முடியாது. ஆனால் சிலந்தி எந்தச் சுவரிலும் ஏறும். சுவரின் உச்சியில் வெளிப்பக்கமாக ஒரு பிளாக் நீட்டிவிட்டால் அதனால் ஏற முடியாது.

விளையாட்டின் கடினநிலையை ஹார்டு என வைத்திருந்தால் ஜாம்பிகள் மரக்கதவை உடைத்துவிடும். அதற்கு இரும்புக் கதவு வைத்து, பட்டன் பொருத்துங்கள். வெளிப்பக்கம் மிதிதட்டு வைத்துவிடாதீர்கள். நீங்கள் மிதித்தால் திறப்பது போலவே ஜாம்பி மிதித்தாலும் திறந்துவிடும்!

கிரீப்பர் அருகில் வந்து ஒன்றரை விநாடியில் வெடிக்கும். கல் சுவரிலும் ஓட்டை போடும். அதனிடமிருந்து தப்ப எளிய வழி, பூனை வளர்ப்பதுதான். பூனையைக் கண்டால் கிரீப்பர் விலகி ஓடும். சமைக்காத மீனைக் கொடுத்துப் பூனையைப் பழக்கலாம்.

இவை எல்லாம் சிறு குழந்தைகளுக்குச் சிரமமாகத் தோன்றினால், கடினநிலையைப் பீஸ்புல் என மாற்றிக் கொடுங்கள். தாக்கும் உயிரினங்கள் இல்லாமல் நிம்மதியாகக் கட்டிப் பழகலாம்.

பனியன் கம்பெனி போல உள்ளமைப்பு

வீடு கட்டியாகிவிட்டது. ஆனால் இரும்பு எந்தப் பெட்டியில், சோறு எந்தப் பெட்டியில் என்று தேடியே நேரம் போகிறது. இதற்குத் தீர்வு திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து துணி டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என வரிசையாக நகர்கிறது. கட்டிங் டேபிளுக்கும் பவர் டேபிளுக்கும் நடுவே அட்டைப் பெட்டிகளை அடுக்கி வழியை அடைத்தால் அன்றைய உற்பத்தி குறையும் என்பது அங்கு வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும்.

அதே முறையை இங்கும் பின்பற்றுங்கள். சுரங்கப் படிக்கட்டு முடியும் இடத்தில் முதல் பெட்டி. வெட்டி வந்த தாதுக்கள் இதில். அடுத்து உலைகள். அதற்கு அடுத்து உருக்கிய பொருளுக்கான பெட்டி. அதன் அருகில் கிராப்டிங் டேபிள். கடைசியாக, வாசல் பக்கம், வெளியே போகும்போது எடுக்க வேண்டிய வாள், உணவு, டார்ச் வைக்கும் பெட்டி. இப்படி அமைத்தால் ஒரு திசையில் நடந்தாலே வேலை முடிந்துவிடும்.

ஒரு பெட்டிக்கு 8 பலகை தேவை. அதில் 27 அறைகள் இருக்கும். இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்தால் 54 அறை கொண்ட பெரிய பெட்டி ஆகிவிடும். பெட்டியின் மேல் கல் போன்ற திடமான பிளாக்கை வைத்தால் பெட்டி திறக்காது. ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் பெட்டியின் மீதே பெயர்ப்பலகை ஒட்டலாம்.

கழிவுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். சுரங்கம் தோண்டினால் தேவையில்லாத கல்லும் மண்ணும் குவிந்து எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிடும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்ததும், கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் ஊரே அறிந்தது. கழிவு எங்கே போகும் என்று முதலிலேயே யோசிக்காவிட்டால் பிறகு வேலையே நின்றுவிடும். விளையாட்டில் இதற்கு வழி எளிது. கல்லால் சூழப்பட்ட சிறு குழியில் லாவாவை ஊற்றி வைத்தால் அதில் எறியும் கல்லும் மண்ணும் அழிந்துவிடும். மரச்சுவரிலிருந்து தள்ளி அமைக்க மறக்காதீர்கள்.

வயல்

ஒரு நீர் பிளாக், நான்கு பக்கமும் 4 பிளாக் தூரம் வரை மண்ணை ஈரமாக வைத்திருக்கும். எனவே 9க்கு 9 சதுரம் எடுத்து, நடுவில் மட்டும் நீர் விட்டால் 80 இடத்தில் கோதுமை பயிரிடலாம். சுற்றி மரவேலி அமைத்து டார்ச் வைத்துவிட்டால் பயிர் இரவிலும் வளரும்.

மற்ற விளையாட்டுகள்

மைன்கிராப்டில் மணலும் சரளைக்கல்லும் தவிரப் பெரும்பாலான பிளாக்குகள் தாங்கல் இல்லாவிட்டாலும் அந்தரத்தில் நிற்கும். 2021ல் வெளியான வால்ஹெய்ம் விளையாட்டில் அப்படி இல்லை. தூண் இல்லாத கூரை விழுந்துவிடும். வீட்டுக்குள் அடுப்பு மூட்டினால் புகைபோக வழி வேண்டும். ஆனால் இதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை.

மைன்கிராப்டைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களிலிருந்து இறக்கினால் வைரஸும் சேர்ந்து வரக்கூடும். செலவு வேண்டாம் என்பவர்கள் லுவான்டியை முயன்று பார்க்கலாம். பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010ல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது இது. 2024ல் பெயர் மாறியது. முற்றிலும் இலவசம். பழைய கம்ப்யூட்டரிலும் இயங்கும். அதை நிறுவிய பின், அதனுள்ளேயே வாக்சலிப்ரே என்பதை இறக்கிக்கொண்டால் ஏறக்குறைய மைன்கிராப்ட் போலவே விளையாடலாம்.

கடைசிச் சுவர்: பேக்அப்

தீ, கிரீப்பர் இவற்றுக்கு எல்லாம் மேலான ஆபத்து நம் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் மின்தடை. பைல் எழுதப்படும் நேரத்தில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அணைந்தால் நீங்கள் கட்டிய உலகமே திறக்காமல் போகலாம். யுபிஎஸ் இருப்பது நல்லது. பேக்அப் கட்டாயம்.

விளையாட்டைத் திறந்து சிங்கிள் பிளேயர் என்பதில் கிளிக் செய்யவும். உங்கள் உலகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள எடிட் பட்டனை அழுத்தவும். அங்கே மேக் பேக்அப் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் முழு உலகமும் ஒரே ஜிப் பைலாகச் சேமிக்கப்படும். அருகிலுள்ள ஓபன் பேக்அப்ஸ் போல்டர் பட்டன் மூலம் அந்தப் பைலைக் கண்டு, பென் டிரைவிலும் காப்பி செய்துகொள்ளவும். திரும்பத் தேவைப்பட்டால், ஜிப்பைப் பிரித்து சேவ்ஸ் என்ற போல்டரில் போட வேண்டும். புதிதாக எதைச் செய்து பார்ப்பதற்கு முன்பும் ஒரு பேக்அப் எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் உங்கள் வீட்டுப் போட்டோக்களையும் கடைக் கணக்குகளையும் காப்பதும் இதே பழக்கம்தான்.

என் அக்கா மகன் இரண்டாவது வீட்டைக் கட்ட ஐந்து வாரமே ஆனது. முதலில் அப்பாவோடு யூனிட்டுக்குப் போய், எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் வரைந்து வந்தான். இந்த முறை உலை அறை முழுவதும் கல். மேசை டிராயரில் இருக்கும் பென் டிரைவின் மேல் "வீடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.