ஷூ மட்டும் ஏன் கரை ஒதுங்கியது?

2007 ஆகஸ்ட் 20. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஜெடடையா என்ற சின்னத் தீவு. அங்கே வந்திருந்த ஒரு சிறுமி கரையில் கிடந்த ஷூவை எடுத்து, உள்ளே இருந்த சாக்ஸைப் பிரித்துப் பார்த்தாள். மனிதப் பாதம்! ஆறு நாள் கழித்து, கேப்ரியோலா தீவில் இன்னொன்று. இரண்டுமே வலது கால். அப்படியானால் இரண்டு பேர்.

அதற்குப் பிறகும் அந்தச் சேலிஷ் கடலோரத்தில் பாதங்கள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. தொடர் கொலைகாரன், கடத்தல் கும்பல், 2004 சுனாமியில் போனவர்கள்னு ஆளுக்கொரு கதை. நடுவில் 2008 ஜூனில், யாரோ ஒரு மிருகத்தின் பாதத்தைச் சாக்ஸில் போட்டு, ஷூவுக்குள் காய்ந்த கடற்பாசியை அடைத்து வைத்த கூத்தும் நடந்தது. நானும் இதை ஒரு மர்மக் கதையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

சரி, வெட்டாமல் கால் எப்படித் தனியாக வரும்? கணுக்காலைச் சேர்த்துப் பிடித்திருப்பது தசைநார்களும் மென்மையான சதையும்தான். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் கெயில் ஆண்டர்சன், செத்த பன்றிகளை அந்தப் பகுதிக் கடலடியில் இறக்கி, கேமரா வைத்துக் கவனித்தார். நண்டும் இறாலும் கூட்டமாக வந்து சதையைத் தின்றன. ஷூவுக்குள் இருக்கும் பாதத்தை அவை சுலபமாகத் தொட முடியாது. மூட்டு விட்டுப்போனதும் பாதம் ஷூவோடு கழன்றுவிடும். இன்றைய ஓட்ட ஷூக்களில் ஃபோமும் காற்றும் இருப்பதால் அது மிதந்து மேலே வரும். அவ்வளவுதான் விஷயம். வெட்டுத் தடயம் எதுவும் இல்லை என்று மாகாணத்தின் மரண விசாரணை அலுவலகமும் சொன்னது.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது: இது யாருடையது?

ஷூ ஒரு எல்லையைச் சொல்லும். 2003-ல் வந்த மாடல் என்றால், ஆள் தண்ணீருக்குள் போனது அதற்கு முன்னால் இருக்க முடியாது. ஆனால் ஷூவை மட்டும் நம்பினால் திசைமாறிவிடுவோம். முதலில் கிடைத்த ஷூ, பெரும்பாலும் இந்தியாவில் விற்பனையான மாடல்! அதை அணிந்திருந்தவரோ அதே மாகாணத்துக்காரர், மன அழுத்தத்தில் இருந்தவர். 2008-ல் டி.என்.ஏ. மூலம் அடையாளம் தெரிந்தது.

குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த நீரில் உடலின் கொழுப்பு சோப்பு மாதிரி இறுகி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் காப்பாற்றும். எலும்பிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். ஆனால் அதில் பெயர் எழுதியிருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாதிரி வேண்டும்: அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர், பிள்ளை என்று யாராவது கொடுத்தது. அது இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல ஆய்வகமாக இருந்தாலும் கையில் இருப்பது வெறும் எண்கள்.

2008 மே மாதத்தில் ஒன்று, நவம்பரில் ஒன்று என ஒரே ஜோடி ஷூ ஒதுங்கியது. இரண்டும் ஒரே பெண்ணுடையது. 2004 ஏப்ரலில் இறந்தவர் என்று அவர் பெயரோடு தெரியவந்தது 2011-ல்தான். கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே, சசமட் ஏரியில் 2011-ல் ஒரு பூட்ஸ் கிடைத்தது. அது 1987-ல் காணாமல் போன மீன்பிடிக்காரருடையது. இருபத்து நான்கு வருஷம் அந்த வீட்டில் என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்?

கடைசியில் பாதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைத்தது. விபத்து, தற்கொலை. கொலைகாரன் யாரும் இல்லை. 2018-ல் கனடா, காணாமல் போனவர்களின் சொந்தக்காரர்கள் விரும்பினால் டி.என்.ஏ. கொடுக்கலாம் என்று தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. அப்படி வரும் மாதிரியை நாட்டில் எங்கே கிடைத்த அடையாளம் தெரியாத உடலோடும் ஒப்பிடலாம். இன்று ஒரு அம்மா கொடுத்துவிட்டுப் போகும் மாதிரி, இன்னும் பல வருஷம் கழித்து ஒதுங்கும் ஒரு ஷூவுக்குப் பெயர் சொல்லக்கூடும்.