நித்தியகல்யாணியும் புற்றுநோயும்



வேலி ஓரத்திலும் இடுகாட்டிலும் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கிற செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லிகை என்றும் சொல்கிறோம். ஆடு மாடு வாய் வைக்காது, வறட்சியையும் தாங்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கங்களில் மானாவாரிப் பயிராகவும் செய்திருக்கிறார்கள். "தினம் ரெண்டு இலையை மென்னு தின்னா புற்றுநோயே வராதாமே, நெசமா?" என்று பலரும் கேட்கிறீங்க. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தச் செடிக்குத் தாயகம் மடகாஸ்கர் தீவு. பல நாடுகளில் இதன் இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடித்து வந்தார்கள். 1950-களில் ஜமைக்காவிலிருந்து வந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்தார்கள். இலைச் சாரத்தை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. இரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவது இந்த வெள்ளை அணுக்கள்தானே? அந்தத் தடத்தில் போய் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டின் என்ற மருந்துக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இதை இன்றும் கொடுக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது? உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நூல் போன்ற இழைகள் தோன்றி இரண்டு பக்கமும் பங்கு பிரித்து இழுக்கும். அந்த இழைகள் உருவாகாதபடி இந்த மருந்து தடுத்துவிடும். பிரிய முடியாத செல் செத்துப்போகும். ஆனால் களைக்கொல்லி பயிரையும் கருக்குகிற மாதிரி, இது நல்ல செல்களையும் பாதிக்கும். நரம்பு மரத்துப்போகும். அதனால்தான் டாக்டர்கள் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவில், நரம்பு ஊசியாக மட்டும், இரத்தம் சோதித்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ரெண்டு இலையை மென்றால் அந்த மருந்து சிகிச்சைக்கு வேண்டிய அளவில் கிடைக்காது. ஆனால் இந்தச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வாந்தியும் இரத்த அழுத்தம் குறைவதும் வரலாம். நோய் இல்லாதவர் தடுப்புக்கென்று இதைச் சாப்பிடவே கூடாது. நோய் உள்ளவர் சாறு குடித்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தால், தொடக்கத்திலேயே தீர்த்திருக்கக்கூடிய கட்டி கைமீறிப் போய்விடும். அதுதான் பெரிய நஷ்டம்.

மஞ்சளைப் பற்றியும் கேட்கிறீங்க. அதிலுள்ள குர்க்குமின் சோதனைக்கூடத்தில் புற்றுச் செல்களை அடக்குகிறது. ஆனால் சாப்பிட்டால் இரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். மனிதருக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை. குழம்புக்குத் தாராளமாகப் போடுங்க. அதையே மருந்தாக நம்பி இருக்க வேண்டாம்.

உண்மையான தடுப்பு என்ன? புகையிலை, பீடி, பாக்கு மெல்லும் பழக்கம் மூன்றையும் விடுங்க. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி போடுங்க. வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பயிர் செய்ய விரும்புகிறவர்களுக்கு: வடிகால் உள்ள நிலமாக இருக்கட்டும். நாற்று விட்டு நட்டால் 45-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி போதும். 6-ஆம் மாதமும் 9-ஆம் மாதமும் இலை பறித்து நிழலில் உலர்த்துங்க. 12-ஆம் மாதம் வேரோடு எடுங்க. மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ காய்ந்த இலையும் 300 கிலோ வேரும் எதிர்பார்க்கலாம். உள்ளூர்ச் சந்தையில் இது விலைபோகாது. ஆகவே வாங்குபவரிடம் விலையை எழுத்தில் பெற்றுக்கொண்டு விதைப்பில் இறங்குங்க.