உங்களுக்குத் தெரியுமா? மருந்து தரும் மறதி

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டு கொஸ்லந்த லயத்துக்குத் திரும்பிய அக்கா, அடுப்பில் வைத்த உலையை மறக்கிறாரா? தெரிந்த பெயர் நாவில் வரவில்லையா? அது சோம்பல் அல்ல. மருத்துவர்கள் ‘கீமோ மூளை’ என்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் மூளையின் வெண்பொருளைப் பாதிக்கலாம். இரத்தச்சோகை, தூக்கமின்மை, கவலையும் சேர்ந்துகொள்ளும்.

வாசலில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து வேறுவிதம். மூளைக்குள் அது அதிகம் நுழையாது. விரல் நுனிகளை மரக்கவைக்கும். கொழுந்து கிள்ளிப் பிழைக்கும் கைக்கு அது பெரிய இழப்பு.

மறதி பலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கிளினிக்குக்குப் போகும்போது காய்ச்சல், வாந்தியோடு மறதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை வீட்டார் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கட்டும்.