கொய்யாச் செடியின் இயல்பும் கத்தரிக்கும் முறையும்

கிணற்றடியிலும் வேலியோரத்திலும் தானே முளைத்து வளரும் கொய்யாவைக் கமக்காரர் பலர் பேணுவதில்லை. கிளைகள் உயர்ந்து நெருங்கியபின் உச்சியில் மட்டும் சில காய்கள் தோன்றும். அவற்றையும் அணிலும் வௌவாலும் கொண்டுசெல்லும். எனினும், கிளையை வெட்டினாற் காய் குறையுமென அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் வேண்டாததென்பதைச் செடியின் அமைப்பே காட்டும்.

கொய்யாவின் தாயகம் வெப்பவலய அமெரிக்கா. 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் இதற்குச் சிடியம் குவாசாவா எனத் தாவரவியற் பெயரிட்டார். நாவல், ஜம்பு, கராம்பு ஆகியனவும் இதனைப்போல மிர்ட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இலையைக் கசக்கினால் மணம் வீசும். அதிலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளே இதற்குக் காரணம். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். கீழ்ப்புறத்தில் நரம்புகள் புடைத்துத் தோன்றும். இளந்தண்டு நாற்கோண வடிவானது. முதிர்ந்த தண்டின் பட்டை மெல்லிய ஏடுகளாக உரியும். வெண்ணிறப் பூவின் நடுவே கேசரங்கள் மிகப்பல உள. சூலகம் அல்லிகளுக்குக் கீழே அமைந்துள்ளது. ஆதலினாலேயே, உதிராது எஞ்சிய புல்லிகள் காயின் நுனியில் முடிபோற் காணப்படுகின்றன.

கமக்காரர் சிறப்பாக அறியவேண்டியது பூ தோன்றும் இடமாகும். புதிதாகத் துளிர்த்த கிளையின் இலைக்கக்கங்களில் மட்டுமே பூக்கள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ அரும்பும். முதிர்ந்த கிளையில், புதுத்துளிர் இல்லையேல் பூவுமில்லை. எனவே, அளவாகக் கத்தரித்தல் காய்க்கும் இடங்களைப் பெருக்குமேயன்றிக் குறைக்காது.

அறுவடை முடிந்தபின் காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று உராயும் கிளைகள், அடியிலெழும் தளிர்கள் ஆகியவற்றை நீக்குக. ஏனைய கிளைகளின் நுனிகளைச் சிறிது வெட்டுக. செடியின் நடுப்பகுதிக்கும் வெயில் எட்டவேண்டும். பின்னர்ச் சேதனப் பசளையிட்டு நீர் பாய்ச்சுக. உணவுறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிற் பரவுவதால், அடியில் ஆழமாகக் கொத்தலாகாது.

உயரம் குறைந்த செடியிற் காய்களுக்கு எளிதிற் பையிடலாம். பழஈ தோலின் கீழ் முட்டையிடும். புழுக்கள் பழத்தைத் தின்று வளர்ந்து மண்ணுட்புகுந்து கூட்டுப்புழுவாகும். ஆதலின், விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, 2 அடி ஆழத்திற் புதைத்தல் நன்று.

விதையிலிருந்து வளரும் கன்று தாய்ச்செடியின் குணத்தை முழுதும் பெறாது. நல்ல பழந்தரும் செடியைத் தெரிந்து பதிவைத்தே கன்று பெறுக. இயல்பறிந்து பேணுவோருக்கு வேலியோரக் கொய்யாவும் வீட்டுக்கு நற்பழம் நல்கும்.